அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார்: மற்ற கிட்டார்கள் நடுவே சத்தமே எடுபடவில்லை, என்ன செய்யலாம்?

நாலுகம்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), என்னிடம் அக்கூஸ்டிக் பேஸ். மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதுதான் எங்களுக்குப் பிடித்த முறை, அதற்காகவே இந்த பேஸை வாங்கினேன். தனியாக வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது. மடியில் வைத்து மீட்டினால் அதிர்வு விலா எலும்பு வரைக்கும் வருகிறது, ஈ கம்பி ஆழமாகக் கேட்கிறது. ஆனால் கிட்டார்கள் இரண்டும் ஸ்ட்ரம் பண்ண ஆரம்பித்த உடனே என் வாசிப்பு மொத்தமாக மறைந்து போகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், நான் எந்த சுருதியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை, ஏதோ தட்டுகிற மாதிரி மட்டும் கேட்கிறது என்கிறார். சத்தம் வேண்டும் என்று பலமாக இழுத்தால் கம்பி ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில்) அடித்துக் கடகடவென்கிறது, சத்தம் கூடவில்லை.

கேள்வி இதுதான். கம்பியை மாற்றினால், வாசிக்கும் விதத்தை மாற்றினால், அல்லது கிட்டாரிலேயே ஏதாவது வேலை செய்தால், ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் மற்றவர்களோடு வாசிக்கும் அளவுக்குச் சத்தம் வருமா? இல்லை, ஆம்ப் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எப்படிப்பட்டது வைக்கலாம்? சேடிலுக்கு (பெட்டியின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கு) அடியில் ஒரு பியேசோ பிக்கப், அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் பட்டை, இருக்கிறது, ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் குமிழ்களோ பேட்டரிப் பெட்டியோ எதுவும் இல்லை, வெறும் ஜாக் மட்டும்தான்.


மரப்பெட்டி எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் கருவியில் உள்ள கோளாறு இல்லை. அக்கூஸ்டிக் பேஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், விலை கூடியதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. சாதாரண கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82. சாதாரண கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒலித்துளை வழியாக 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் நன்றாக மூச்சுவிடும், அதற்குக் கீழே போகப் போக பெட்டி கைகொடுக்காது. அக்கூஸ்டிக் பேஸின் பெட்டி கிட்டாரைவிடக் கொஞ்சம்தான் பெரிது, மடியில் வைத்துக் கையைச் சுற்றி வாசிக்க வேண்டுமே, அதற்கு மேல் பெரிதாக்க முடியாது. அதனால் அதன் காற்று அதிர்வும் 41க்கு வெகு மேலேதான் நிற்கிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலையை மடியில் அடங்கும் ஒரு பெட்டி கிளப்புவது, டம்ளரால் குளத்தைக் கலக்குவது மாதிரிதான். டபுள் பேஸைப் பாருங்கள், கம்பி நீளமே 105 சென்டிமீட்டரை ஒட்டி வரும், நம்முடையது 86. அதன் பெட்டி ஆள் உயரம், காற்று அதிர்வு 60 ஹெர்ட்ஸ் பக்கம். அப்படியிருந்தும் பெரிய குழுவில் அதற்கே மைக்கோ பிக்கப்போ வைக்கிறார்கள்.

காதின் பங்கும் இதில் உண்டு. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் அளந்து காட்டிய விஷயம் இது: தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். 1000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலில் கேட்கும் ஒலியின் அளவுக்கு 40 ஹெர்ட்ஸும் கேட்க வேண்டுமென்றால் 90 டெசிபலையும் தாண்ட வேண்டும். ஆக, எந்த இடத்தில் பெட்டி பலவீனமோ அதே இடத்தில்தான் காதும் பலவீனம். மடியில் வைத்திருக்கும் உங்களுக்கு ஆழமாகக் கேட்கக் காரணம், அதிர்வு மரத்திலிருந்து நேராக உடம்புக்குள் வருகிறது. எதிரே இருப்பவருக்கு அது போவதில்லை.

பெரிதாகச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எர்னி பால், ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து 1972இல் கொண்டுவந்த எர்த்வுட் பேஸ் அப்படிப்பட்டதுதான், ரொம்ப ஆழமான பெட்டி. வயலன்ட் ஃபெம்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவில் பிரையன் ரிச்சி வாசித்தது அதுதான். நல்ல சத்தம், ஆனால் கட்டிப் பிடித்து வாசிப்பதே ஒரு உழைப்பு. 1985க்குப் பிறகு அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

இனி ஆம்ப் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். கொஞ்சம் போகலாம்.

நீங்கள் துரத்த வேண்டியது 41 ஹெர்ட்ஸை அல்ல, அதன் மேல் நிற்கும் 82, 123, 165 ஆகியவற்றை. அவை தெளிவாக வந்தால் அடிச்சுருதி வராவிட்டாலும் மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் புதுக் கம்பி போடுங்கள், வெண்கலச் சுற்று, முடிந்தால் 80/20 கலவை (செம்பு 80, துத்தநாகம் 20), அது பாஸ்பர் வெண்கலத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். தட்டையான நாடா சுற்றிய கம்பியும் (தட்டைச் சுற்று) நைலான் சுற்றிய கம்பியும் தொட இதமானவை, ஆனால் ஆம்ப் இல்லாத வாசிப்புக்கு அவை எதிரி. ஒலித்துளைக்கு மேலே மீட்டாமல் கையை பிரிட்ஜ் (கம்பிகளைப் பெட்டியோடு பிடித்திருக்கும் கட்டை) பக்கம் நாலு விரல் அளவு தள்ளுங்கள். விரலுக்குப் பதில் கனமான பிக் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கடகட சத்தத்துக்குக் காரணம் கம்பி தாழ்வாக இருப்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் 3 வரைக்கும் ஏற்றலாம். பலமாக இழுக்க இடம் கிடைக்கும், மேற்பலகைக்கும் கூடுதல் வேகம் போகும். முதலில் கழுத்தின் வளைவு சரியா என்று பார்த்துவிட்டு அப்புறம் சேடிலைத் தொடுங்கள். பியேசோ இருப்பதால் சேடிலின் அடிப்பக்கம் பிசிறில்லாமல் தட்டையாக உட்கார வேண்டும், ஒரு பக்கம் தூக்கினால் அந்தப் பக்கத்துக் கம்பியின் சத்தம் பிக்கப்பில் குறைந்துவிடும்.

இன்னொன்று, குயிட்டாரோன் என்ற பெரிய மெக்சிகோ பேஸ் கருவி வாசிப்பவர்களிடம் கற்க வேண்டியது. மெக்சிகோ மரியாச்சிக் குழுக்களில் ஆம்ப் இல்லாமலே டிரம்பெட்டுகளுக்கு நடுவில் அது கேட்கும். பெட்டியின் ஆழம் ஒரு காரணம், ஒவ்வொரு சுருதியையும் எட்டாவது சுருதியோடு (ஆக்டேவ்) சேர்த்து இரண்டு கம்பியாக இழுப்பது இன்னொரு காரணம். நாமும் அதைச் செய்யலாம். திறந்த ஈ கம்பியைக் கட்டைவிரலாலும் டீ கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டை ஆள்காட்டி விரலாலும் ஒரே நேரத்தில் இழுங்கள். ஜீ வேண்டுமா, ஈ கம்பியில் மூன்று, டீ கம்பியில் ஐந்து. நடுவில் இருக்கும் ஏ கம்பியை இடது விரலின் அடிப்பாகத்தால் அமுக்கிக்கொள்ளுங்கள். வேகமான வரிகளுக்கு ஆகாது, ஆனால் ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் இப்படி ஊன்றினால் எதிரே இருப்பவருக்குச் சுருதி தெரியும்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிட்டார், மெல்லிய குரல், அதோடு சமாளிக்கலாம். இரண்டு கிட்டார் முழு ஸ்ட்ரம், கூடவே கஹோன் என்றால் முடியாது என்பதுதான் என் கருத்து.


கைத்தாளம் எழுதியது:

நான் கஹோன் வாசிப்பவன், எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். பேஸ் கேட்கவில்லை என்றால் பாதிக் காரணம் நாங்கள்தான். கஹோனின் நடுவில் உள்ளங்கையால் அடிக்கும் அந்த ‘தும்’ உங்கள் இடத்தில்தான் வந்து உட்காருகிறது. அடியை மெதுவாக்கி விளிம்புத் தட்டல்களை வைத்தே தாளம் ஓட்டச் சொல்லுங்கள், அல்லது பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன வயலன்ட் ஃபெம்ஸிலும் டிரம்ஸ் வாசித்தவர் முழு செட் வைத்துக்கொள்ளாமல் பெரும்பாலும் பிரஷ்ஷோடுதான் நின்றுகொண்டு வாசித்தார், அதனால்தான் பேஸ் முன்னுக்கு வர இடம் இருந்தது.

கிட்டார்காரர்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் திறந்த ஜீ, சீ, டீ என்று ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால் 82 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொண்டு விடுகிறது, மரப்பெட்டி அண்ணன் சொன்ன உங்கள் 82, 123, 165 எல்லாம் அதற்குள்ளேதான் மூழ்குகின்றன. ஒருவர் ஐந்தாவது அல்லது ஏழாவது ஃபிரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் அமுக்கும் கவ்வி) போட்டு வேறு வடிவத்தில் வாசிக்கட்டும், இன்னொருவர் மெல்லிய நாலு கம்பிகளோடு நிற்கட்டும். பாட்டே திறந்து கேட்கும். காசு செலவில்லாத வழி இது, ஆம்ப் வாங்கினாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

உட்காரும் இடமும் முக்கியம். பேஸ்காரர் சுவரை ஒட்டி, முடிந்தால் மூலையில் உட்காரட்டும். தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து சேரும். அறை நடுவில் உட்கார்ந்தால் அது கிடைக்காது.


தாழ்சுருதி எழுதியது:

மற்ற இருவரும் சொன்னது எல்லாமே சரி, நான் ஆம்ப் பக்கம் மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் நாலுகம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. பேட்டரி இல்லாத பியேசோ, வெறும் ஜாக்.

அதை நேராக ஏதாவது மிக்ஸரிலோ சின்ன ஆம்பிலோ சொருகினால் டப்பா சத்தம் வரும், பேஸே இருக்காது. நிறைய பேர் அங்கேயே பிக்கப் மட்டம் என்று முடிவுகட்டிக் கழற்றிவிடுகிறார்கள். பிக்கப்பில் குற்றமில்லை. பியேசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன மின்தேக்கி. அதை எந்த உள்ளீட்டில் சொருகுகிறீர்களோ அந்த உள்ளீட்டின் மின்தடையோடு சேர்ந்து அது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி ஆகிவிடுகிறது. பிக்கப் 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாஓம் உள்ளீட்டில் சொருகினால் 318 ஹெர்ட்ஸிலிருந்தே கீழ் ஒலிகள் சரியத் தொடங்கும். உங்கள் ஈ கம்பி 41, ஏ 55, டீ 73, ஜீ 98, நாலுமே அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. மிக்ஸரின் லைன் உள்ளீடு வெறும் 10 கிலோஓம்தான் என்றால் சொல்லவே வேண்டாம். அதே பிக்கப்பை 10 மெகாஓம் உள்ளீடுள்ள ப்ரீஆம்பில் (ஆம்புக்கு முன்னால் வைத்து சிக்னலைத் தயார் செய்யும் சின்னப் பெட்டி) சொருகினால் அந்தக் கோடு 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஈ கம்பி முழுசாக வரும். ஆகவே முதல் செலவு ஆம்ப் அல்ல, பியேசோவுக்கென்றே செய்த ப்ரீஆம்ப். வாங்கும்போது உள்ளீட்டு மின்தடை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், மற்ற அலங்காரங்கள் எல்லாம் அப்புறம்.

கிட்டாருக்கும் ப்ரீஆம்புக்கும் இடையே கேபிள் குட்டையாக இருக்கட்டும். கேபிளுக்கும் மின்தேக்கம் உண்டு, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 5 மீட்டர் கேபிள் ஒன்றே 500, அதாவது சிக்னலில் பாதியை அதுவே விழுங்கிவிடும். ப்ரீஆம்ப் இடுப்பிலோ ஸ்ட்ராப்பிலோ மாட்டிக்கொள்ளும் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை, அங்கிருந்து ஆம்புக்கு எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

ஒலித்துளையில் மாட்டும் மேக்னெட்டிக் பிக்கப் வாங்கலாமா என்று யோசித்தால், வெண்கலக் கம்பியோடு வேண்டாம். வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு நடுக்கம்பி மட்டும்தான் அதற்குத் தெரியும், சத்தம் சோகையாக இருக்கும். நிக்கல் சுற்றோ எஃகுச் சுற்றோ போட்டால் சரி, ஆனால் அப்போது அக்கூஸ்டிக் குணம் குறையும்.

ஆம்ப் என்றால் பேஸ் ஆம்ப். இல்லையென்றால் கீபோர்டு ஆம்ப். அக்கூஸ்டிக் கிட்டாருக்கென்று விற்கும் சின்ன ஆம்புகளைத் தவிருங்கள், அவற்றின் ஸ்பீக்கர் 82 ஹெர்ட்ஸையே கஷ்டப்பட்டுத்தான் தரும், ஈ கம்பியை இழுத்தால் கூம்பு எகிறி இரைச்சல்தான் வரும், நாளாவட்டத்தில் ஸ்பீக்கரும் போகும். உங்கள் குழுவுக்கு ஒரு 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர், 50 முதல் 100 வாட் போதும், அதிலும் பாதிக்கு மேல் திருப்ப வேண்டி வராது. வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் அளவும் பெட்டியின் அளவும்தான் உங்களுக்கு முக்கியம்.

வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் அந்தச் சுகம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். ஆம்பை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்து, சத்தம் கிட்டாரிலிருந்து வருகிறதா ஆம்பிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். அவ்வளவுதான் தேவை.


எளியவழி எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? ஆம்ப் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எலெக்ட்ரிக் பேஸே வாங்கிவிடலாமே. ஃபீட்பேக் ஊளை இல்லை, ப்ரீஆம்ப் இல்லை, கழுத்து மெலிது, எடுத்துப் போகவும் சுலபம். பின்னால் அக்கூஸ்டிக் சத்தம் வேண்டுமென்றால் தட்டைச் சுற்றுக் கம்பி போட்டு, டோன் குமிழை இறக்கி, பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டபுள் பேஸ் சாயல் வரும்.


தாழ்சுருதி எழுதியது:

எளியவழி சொல்வதில் நியாயம் இருக்கிறது, பெரிய மேடை, முழு டிரம்ஸ் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இவருடையது மெல்லிய குழு. எடுத்து உடனே வாசிக்கலாம், பாட்டு கற்கும்போது ஆம்ப் போடாமலே பழகலாம், பியேசோவில் விரல் கம்பியைத் தொடும் அந்தச் சின்ன ‘டக்’ தெளிவாக வரும், இரண்டு மரக் கிட்டார்களுக்கு நடுவே அது பொருந்தி உட்காரும். கையில் இருக்கும் கருவியை விற்கும் அளவுக்கு இங்கே எதுவும் ஆகிவிடவில்லை.


நாலுகம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாகக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆக்டேவ் சேர்த்து இழுப்பதை உடனே செய்து பார்த்தேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, கேபோ யோசனையைக் கிட்டார் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். நண்பர் ஒருவரிடமிருந்து 10 மெகாஓம் ப்ரீஆம்பும் 10 அங்குல பேஸ் ஆம்பும் இரவல் வாங்கி மாட்டினேன். ஈ கம்பி வந்துவிட்டது! ஆனால் கொஞ்சம் ஏற்றியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஊளையிட ஆரம்பிக்கிறது, கம்பியைத் தொடாமல் இருந்தாலும் நிற்பதில்லை. ஆம்பில் பேஸ் குமிழை இறக்கினால் நிற்கிறது, ஆனால் அப்புறம் பேஸே இல்லை. இதற்கு என்ன வழி?


தாழ்சுருதி எழுதியது:

அது ஃபீட்பேக். ஆம்பிலிருந்து வரும் ஒலி மேற்பலகையையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் ஆட்டுகிறது, பியேசோ அதை மறுபடியும் ஆம்புக்கு அனுப்புகிறது, சுற்றிச் சுற்றி வளர்கிறது. பெட்டி எந்த அதிர்வெண்ணில் தானாக ஆட விரும்புகிறதோ அங்கேதான் தொடங்கும், அதனால்தான் ஒரே சுருதி.

அந்தச் சுருதி எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஊளை லேசாகத் தொடங்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, மனதில் அதைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை இறக்கிவிட்டுக் கம்பியில் தேடுங்கள். திறந்த ஜீ கம்பியோடு ஒத்துப்போனால் 98 ஹெர்ட்ஸ். டீ கம்பியின் நாலாவது ஃபிரெட் என்றால் 92 அல்லது 93. பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். ப்ரீஆம்பில் நாட்ச் என்று ஒரு குமிழ் இருந்தால் அதை அந்த இடத்தில் வைத்து வெட்டுங்கள். குறுகலான வெட்டு என்பதால் மொத்த பேஸும் போகாது, அந்த ஒரு சுருதி மட்டும் கொஞ்சம் தணியும். பேஸ் குமிழை இறக்குவது ஒரு கம்பிக்காக நாலு கம்பியையும் சேர்த்துத் தண்டிப்பது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடி ஒன்று வாங்கிப் போடுங்கள். மலிவு, உடனே பலன் தெரியும். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது கழற்றிவிடலாம். ஃபேஸ் என்று, அலையின் மேல்கீழைத் தலைகீழாக்கும் ஒரு பொத்தான் இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் அமைதியோ அதில் விடுங்கள். அறைக்கு அறை, இடத்துக்கு இடம் அது மாறும். ஆம்பின் முகம் ஒலித்துளையைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ளி, முழங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். மூலையில் உட்காரலாம் என்று கைத்தாளம் சொன்னது ஆம்ப் இல்லாத வாசிப்புக்குச் சரி, ஆம்ப் வந்த பிறகு மூலையை விட்டு வெளியே வாருங்கள், மூலை கொடுக்கும் கூடுதல் தாழ்வொலியே ஊளைக்குத் தீனி போடும்.

ஹைபாஸ் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும்) வடிகட்டி இருந்தால் 35 முதல் 40 ஹெர்ட்ஸில் வையுங்கள். உங்களுக்கு வேண்டிய எந்தச் சுருதியும் அதற்குக் கீழே இல்லை, கை பெட்டியில் படும் தட்டல், கால் அசையும் அதிர்வு இவைதான் அங்கே இருக்கும், அவை போனால் ஆம்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.


மரப்பெட்டி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ஆம்ப் வழியாகத்தான் பெரும்பாலும் வாசிக்கப் போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டால் நான் முதலில் சொன்ன 80/20 கம்பியை மாற்றிக்கொள்ளலாம். பியேசோ அதன் பளிச்சையும் விரல் உராயும் கீச்சையும் இன்னும் கூர்மையாக்கிவிடும். நைலான் சுற்றுக் கம்பி போட்டால் உராய்வு சத்தம் அடங்கி, ஒலி உருண்டையாக வரும். சேடில் உயரத்தையும் திரும்ப இறக்கலாம், இனி பலமாக இழுக்கத் தேவையில்லையே. நைலான் சுற்று தடிமனானது, நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டில்) உள்ள பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா என்று போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி மேலே ஏறி நிற்கும், முதல் ஃபிரெட்டில் சுருதி பிசகும்.


நாலுகம்பி எழுதியது:

மூடி போட்டு, ஆம்பை இடது பக்கம் தள்ளி வைத்ததிலேயே ஊளை நின்றுவிட்டது, நாட்ச் தேவைப்படவில்லை. ஃபேஸ் பொத்தானும் ஒரு பக்கத்தில் அமைதியாக இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு கேள்வி: ப்ரீஆம்ப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. வாசித்து முடித்த பிறகு கேபிளைச் சொருகியே விடலாமா?


தாழ்சுருதி எழுதியது:

வேண்டாம், கழற்றிவிடுங்கள். இந்த வகை ப்ரீஆம்ப் பலவற்றில் தனி ஸ்விட்ச் கிடையாது, ஜாக்கைச் சொருகுவதுதான் பேட்டரியை ஆன் செய்கிறது. ராத்திரி முழுக்கச் சொருகி இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். தீரப்போகும் பேட்டரியின் அறிகுறி, பலமாக இழுக்கும்போது மட்டும் ஈ கம்பி கரகரவென்று உடைவது. அப்படிக் கேட்டால் வேறு எதையும் தேடாமல் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பையில் புதிதாக ஒன்று எப்போதும் இருக்கட்டும்.